சுழலாத வட்டு

மாவுக்கட்டுப் போட்ட கையைப் பழுதுபார்க்கும் கடையின் மேசைமேல் வைத்துக்கொண்டு, கம்ப்யூட்டர் எழமாட்டேன் என்கிறது என்றாள் அந்தப் பெண். அந்தக் கையைக் கணவன் முறித்ததை வீட்டுக் கேமரா பதிந்திருந்தது. பதிவு இதற்குள்தான் இருக்கிறது. நாளை வழக்கு, வேறு சாட்சி இல்லை.

கடைக்காரன் பெட்டியைத் திறந்தான். உள்ளே இரண்டு ஹார்ட் டிஸ்க். சின்னதில் கம்ப்யூட்டரை எழுப்பும் இயங்குதளம் கெட்டிருந்தது, பெரியதில் பதிவுகள். இயங்குதளத்தைப் புதிதாகப் போடும்போது இருக்கிற டிஸ்குகளையெல்லாம் திரை வரிசையாகக் காட்டும். ஒரு வரி தப்பி அழுத்தினால் வேறு டிஸ்க் காலியாகிவிடும். அதனால் பெரியதை உள்ளேயே விட்டு, அதன் இரண்டு கேபிள்களையும் பிடுங்கினான். தகவல் போவது ஒன்று, மின்சாரம் போவது இன்னொன்று.

"கண்ணுல படாததை அழிக்க முடியாதுக்கா."

"என்னையும் இப்படிக் கழட்டி வெச்சிருக்கலாம் தம்பி."

அவளைப் பின்தொடர்ந்து வந்த கணவன் ஷட்டரை இறக்கினான். ஸ்டூலால் கடைக்காரனின் முகத்தில் அடித்தான். மூக்கு உடைந்தது. பிறகு அவளுடைய மாவுக்கட்டைப் பிடித்துத் திருகினான். அவள் முழங்காலில் சரிந்தாள்.

"எல்லாத்தையும் அழி. நான் பாக்க அழி."

விசைப்பலகையில் இரத்தம் சொட்ட, கடைக்காரன் கம்ப்யூட்டரை இயக்கி டிஸ்க் பட்டியலைத் திரையில் வரவழைத்தான். ஒரே வரி.

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் காட்டுது."

கணவன் பெட்டிக்குள் எட்டிப் பார்க்கவில்லை. திரையை நம்பினான். அழிக்கும் பொத்தானைத் தானே அழுத்தினான். அதிலும் ஆத்திரம் அடங்காமல், ஓடிக்கொண்டிருந்த பெட்டியைத் தூக்கித் தரையில் அறைந்து, பூட்ஸ் காலால் மாறி மாறி உதைத்தான். உள்ளே ஏதோ கிறீச்சிட்டு அடங்கியது.

"இப்ப போய்க் காட்டு, ஜட்ஜுகிட்ட" என்று சொல்லிவிட்டுப் போனான்.

கிறீச்சிட்டது சின்ன டிஸ்க். ஓடும் டிஸ்கில் வட்டு அசுர வேகத்தில் சுழலும்; அதன்மேல் மயிரிழையைவிடக் குறைந்த இடைவெளியில் படிக்கும் முனை மிதக்கும். அந்த நேரத்தில் அடி விழுந்தால் முனை வட்டைக் கீறிவிடும். மின்சாரம் இல்லாத டிஸ்கில் வட்டு சுழலாது, முனையும் ஓரமாக ஒதுங்கி நிற்கும். பெரியது அப்படித்தான் அத்தனை உதையையும் வாங்கியிருந்தது. மேலே ஒரு நசுங்கல், அவ்வளவுதான்.

கடைக்காரன் மூக்கில் துணியை அழுத்திக்கொண்டு அதை வேறு கம்ப்யூட்டரில் மாட்டினான். முதலில் ஒரு நகல் எடுத்துவிட்டுப் பதிவை ஓடவிட்டான். திரையில் அதே பூட்ஸ் அவள் தோளை மிதித்துக்கொண்டிருந்தது. கை பின்பக்கமாக வளைந்தது. கடைக்காரன் முகத்தைத் திருப்பிக்கொண்டான்.

அவள் திருப்பவில்லை. "சத்தத்தைக் கூட்டு தம்பி. எலும்பு முறியிறது கேக்குதான்னு பாக்கணும்."