சீட்டைப் பின்னுக்குத் தள்ளியவன்

வண்டி பொய் சொல்லாது என்பது கிளெமென்ட்டின் கட்சி. மனுஷன் சொல்வான், கட்டின மனைவி சொல்வாள், கம்பெனி சூப்பர்வைசர் வாயைத் திறந்தாலே சொல்வான். வண்டிக்கு மட்டும் அந்தச் சாமர்த்தியம் கிடையாது. பெங்களூரில் எலெக்ட்ரானிக் சிட்டிக்குக் கம்பெனி கேப் ஓட்டியே தலை நரைத்தவன் அவன். சீட் நிற்கிற இடத்தையும் கண்ணாடியின் சாய்வையும் பார்த்து, முந்தின ஷிப்டில் வண்டியை எடுத்துப்போன டிரைவர் யார் என்று பேர் சொல்லிவிடுவான். அப்படிப்பட்டவன் ஒரு சாயங்காலம், துடைக்கிற சாக்கில் தன் சொந்த மாருதியில் ஏறி, சீட்டைத் தன் காலுக்குத் தள்ளி உட்கார்ந்து நிமிர்ந்தான். நடுக்கண்ணாடியில் பின்பக்கத்து ரோடு முழுசாகத் தெரிந்தது.

தெரியக்கூடாது என்பதுதான் விஷயம். வண்டியை ஓட்டுகிறவள் அவன் மனைவி பியாட்ரிஸ். அவள் குள்ளம். சீட்டை ஒரேயடியாக முன்னுக்கு இழுத்து, முதுகுக்கு ஒரு தலையணை வைத்து, ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்தாற்போல் உட்கார்ந்தால்தான் அவளுக்கு ரோடே தெரியும். அவள் கண்ணுக்கு வைத்த கண்ணாடியில் ஆறடி ஆளான கிளெமென்ட் பார்த்தால் பின் சீட்டும் பாதிக் கூரையும்தான் தெரியவேண்டும். இன்றைக்கு அவனுக்கென்றே அளவெடுத்து வைத்தது போல இருந்தது. அப்படியென்றால் அவன் உயரத்து ஆள் ஒருத்தன் இந்தச் சீட்டில் உட்கார்ந்திருக்கிறான்.

யார்?

கிளெமென்ட் ஓட்டமாட்டான். ஓட்டக்கூடாது. இரண்டு வருஷத்துக்கு முன்னால் மேம்பாலத்து டோல்கேட்டில் வரிசையில் நின்றிருந்தபோது, பின்னாடி ஐ.டி. பிள்ளைகள் நான்கு பேர் உட்கார்ந்திருக்க, அவனுக்கு வலிப்பு வந்துவிட்டது. வண்டி நின்றிருந்ததால் எல்லோரும் பிழைத்தார்கள். இனிமேல் ஸ்டீயரிங்கைத் தொடாதே என்று டாக்டர் சொல்லிவிட்டார். கையை வெட்டி வீட்டில் வைத்துவிட்டு வா என்று சொன்ன மாதிரி இருந்தது அவனுக்கு. அழுதான். குடித்தான். பிறகு வேறு வழியில்லாமல், ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் பியாட்ரிஸை மைதானத்துக்குக் கூட்டிப்போய் வண்டி ஓட்டக் கற்றுக்கொடுத்தான். கத்திக் கத்தியே கற்றுக்கொடுத்தான். அவளுக்கு லைசென்ஸ் வந்த அன்றைக்கு அவர்கள் குடியிருக்கிற லிங்கராஜபுரம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தான்.

அந்த வண்டியில்தான் இப்போது குடும்பம் ஓடுகிறது. பியாட்ரிஸ் காலையில் சமைத்து, தொம்மலூரில் இருக்கிற ஆபீஸ்களுக்கு மதியச் சாப்பாடு கொண்டுபோய்க் கொடுக்கிறாள். காய் நறுக்குவதும் கேரியர் அடுக்குவதும் கிளெமென்ட் வேலை. வண்டி ஓட்டுவது அவள் வேலை. அப்படித்தான் அவன் நினைத்துக்கொண்டிருந்தான்.

சந்தேகம் என்பது ஒரு தடவை உள்ளே வந்துவிட்டால் பாய் போட்டுப் படுத்துவிடும். அன்று ராத்திரி சாப்பிடும்போதே கிளெமென்ட் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு அவளைப் பார்த்தான். பழையதெல்லாம் ஒவ்வொன்றாய் ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் தொம்மலூர் போய்வந்தால் ரவிக்கை நனைந்து, கை நடுங்க, ஒரு சொம்புத் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பாள். இப்போது வெயிலில் போய் வந்தவள் மாதிரியே இல்லை. பாட்டு முணுமுணுத்துக்கொண்டு வருகிறாள். போன வாரம் தலையில் மல்லிப்பூ வேறு. ஐம்பதைத் தொடப்போகிறவளுக்கு நடுப்பகலில் என்ன மல்லிப்பூ?

"இன்னா அப்படிப் பாக்கற?" என்றாள் பியாட்ரிஸ்.

"ஒண்ணுமில்ல. டிராபிக் எப்டி இருந்திச்சு?"

"எப்பவும் போலத்தான் ஷெர்வினப்பா. ரசம் ஊத்தட்டா?"

ஓசூரில் வேலை பார்க்கிற மகன் ஷெர்வினின் பேரைச் சொல்லித்தான் அவனைக் கூப்பிடுவாள். அந்தக் குரலில் ஒரு குறையும் இல்லை. அதுதான் அவனை இன்னும் உறுத்தியது. டிராபிக்கைத் திட்டாமல் ஒரு ஆள் பெங்களூரில் வண்டி ஓட்டுகிறான் என்றால், ஒன்று அவன் சாமியார், இல்லை அவன் வண்டியே ஓட்டவில்லை. கிளெமென்ட்டுக்கு அந்த இரண்டாவது எண்ணம் அன்று ராத்திரி வரவில்லை.

மறுநாளிலிருந்து துப்பறிகிற வேலை. சாயங்காலம் அவள் சாவியில் இருக்கிற பட்டனை அழுத்தி வண்டிக் கதவைத் திறந்துவிட்டு, சாவியை இடுப்பிலேயே செருகிக்கொண்டு வாசல்படியில் உட்கார்ந்து கீரை ஆய்வாள். இவன் துணியும் வாளியுமாக உள்ளே நுழைவான். டேஷ்போர்டில் கிடந்த பெட்ரோல் ரசீதுகளின் தேதியைப் பார்த்தான். முன்பு ஒரு தடவை டேங்க் நிரப்பினால் சனிக்கிழமைக்குள் சிவப்புக்கு வந்துவிடும். இப்போது அடுத்த வாரம் பாதி வரைக்கும் தாங்குகிறது. அதே ரோடு, அதே சுமை, மைலேஜ் மட்டும் எப்படிக் கூடும்? கிளச்சில் காலை வைத்துக்கொண்டே ஓட்டுகிறவள் பியாட்ரிஸ். இந்தக் கால் அவள் கால் இல்லை. இது தொழில் தெரிந்த கால்.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்தான். ஆனாலும் ருசு வேண்டுமே. நறுக்குகிற காயோடு காயாக இரண்டு பச்சைப்பயறை எடுத்துவந்து, டிரைவர் சீட்டுக்கு அடியில், சீட் நகர்கிற தண்டவாளத்தில் ஒன்றும், பக்கத்துச் சீட்டின் தண்டவாளத்தில் ஒன்றும் போட்டுவைத்தான். அவ்வளவு உயரமானவன் எந்தச் சீட்டில் உட்கார்ந்தாலும் அதைப் பின்னுக்குத் தள்ளியாகவேண்டும். மறுநாள் சாயங்காலம் விரலை விட்டுப் பார்த்தான். பக்கத்துச் சீட்டில் போட்ட பயறு முழுசாக இருந்தது. டிரைவர் சீட்டில் போட்டது மாவாகியிருந்தது.

ஆக, அவன் ஓட்டுகிறான். இவள் பக்கத்தில் ராணி மாதிரி உட்கார்ந்துகொண்டு போகிறாள். என் வண்டி. என் சீட். நான் உட்காரக்கூடாத சீட்டில் எவனோ உட்கார்ந்திருக்கிறான். மனைவி போனதைவிட சீட் போனதுதான் அவனுக்கு முதலில் வலித்தது என்று சொன்னால் நம்புவீர்களோ என்னவோ, உண்மை அதுதான்.

அன்று இரவு அவளிடம் கேட்டிருக்கலாம். கேட்கவில்லை. கேட்டால் அவள் ஏதாவது சொல்வாள், அதை நம்ப வேண்டிவரும்.

அடுத்த நாள் கேரியரெல்லாம் ஏற்றிக் கொடுத்துவிட்டு, தலைவலி, படுக்கப்போகிறேன் என்றான். அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். மாத்திரை போட்டாயா என்று கேட்டாள். போட்டேன் என்றான். அவள் தலையணையைச் சரிபண்ணிக்கொண்டு, வண்டியை முதல் கியரிலேயே உறுமவிட்டுச் சந்தில் நகர்த்துவதற்குள், இவன் பின்சந்து வழியாக ஓடி, மெயின் ரோட்டு முனையில் இருக்கிற பச்சைமுத்துவின் பஞ்சர் கடைக்குள் புகுந்து டயர் அடுக்குக்குப் பின்னால் நின்றான்.

"இன்னா கிளெமென்ட்டு, கடங்காரன் தொரத்துறானா?" என்றான் பச்சைமுத்து.

"சும்மா இரு. எங்க வூட்டு வண்டி இந்தப் பக்கம் வரும்."

பச்சைமுத்து கையிலிருந்த டியூபைத் தண்ணீர்த் தொட்டியில் அமுக்கினான். குமிழி வருகிறதா என்று ரொம்ப அக்கறையாகப் பார்த்தான். "டெய்லி வருதே," என்றான் கடைசியில், முகத்தைத் தூக்காமல். தெருவுக்கே தெரியும் போலிருக்கிறது. கட்டினவனுக்குத்தான் கடைசியில் தெரியும் என்பார்கள்.

வண்டி வந்தது. இரண்டு தடவை குலுங்கி, சர்ச் காம்பவுண்டு ஓரமாக நின்றது. பியாட்ரிஸ் இறங்கித் தலையணையைப் பின் சீட்டில் போட்டுவிட்டுச் சுற்றிக்கொண்டு அந்தப் பக்கம் போனாள். டீக்கடையிலிருந்து நெட்டையாக ஒரு ஆள் வந்து, டிரைவர் கதவைத் திறந்து, சீட்டைச் சரக்கென்று பின்னுக்குத் தள்ளி உட்கார்ந்தான். கண்ணாடியைத் திருப்பினான்.

கோவிந்தப்பா.

கூடவே கம்பெனி கேப் ஓட்டியவன். ஒரே ஸ்டாண்டில் பக்கத்துப் பக்கத்தில் வண்டி போட்டு, ஒரே பொட்டலத்துச் சித்ரான்னத்தைப் பிரித்துத் தின்றவன். வலிப்பு வந்த அன்றைக்கு ஆஸ்பத்திரி வாசலில் ராத்திரி முழுக்க உட்கார்ந்திருந்தவன். அவனா!

கிளெமென்ட் ரோட்டைக் கடந்தது எப்படி என்று அவனுக்கே தெரியாது. வண்டி நகர்வதற்குள் பின் கதவைத் திறந்து, கேரியர்களை இடித்துத் தள்ளிக்கொண்டு உள்ளே உட்கார்ந்து, கதவைச் சாத்தினான்.

"போலாம்," என்றான். "நானும் வரேன்."

கோவிந்தப்பாவின் கை கியரிலேயே உறைந்துவிட்டது. பியாட்ரிஸ் திரும்பவே இல்லை. பின்னாலிருந்து பஸ்காரன் ஹாரனை அடித்தான். வேறு வழியில்லாமல் கோவிந்தப்பா வண்டியை எடுத்தான்.

"எத்தினி நாளா நடக்குது?" என்றான் கிளெமென்ட்.

"அண்ணா, பேடா அண்ணா, வேணாம். தப்பா நெனைக்காதே," என்றான் கோவிந்தப்பா. "நான் கம்பெனி வேல விட்டுட்டேன். இப்ப ஆக்டிங் டிரைவர். யார் கூப்ட்டாலும் போறேன், அவங்க வண்டிய ஓட்றேன். அக்கா கூப்ட்டாங்க, வந்தேன். அவ்ளோதான்."

"ஆக்டிங் டிரைவரா? என் வண்டிக்கா? ஓட்டத் தெரிஞ்சவளுக்கு எதுக்குடா ஆக்டிங் டிரைவர்?"

"எனக்கு ஓட்டத் தெரியாது," என்றாள் பியாட்ரிஸ்.

இந்திரா நகர் நூறடி ரோட்டில் வண்டி நெரிசலில் நின்றுவிட்டது. சாம்பார் வாசனை மூக்கை அடைத்தது.

"சந்துல ஓட்டுவேன், முனை வரைக்கும் ஓட்டுவேன். அதுக்கு மேல கை கால் ஒதறுது. தொம்மலூர் பிரிட்ஜு ஏத்தத்துல நின்னுடுச்சு ஒரு நாளு. பின்னாடி லாரி. பிரேக்குலேர்ந்து கால எடுத்தா வண்டி பின்னாடி போவுது. நான் ஸ்டீயரிங்க உட்டுட்டுக் கண்ண மூடிக்கினு அழுதுட்டேன். பின்னாடி வந்த கேபுல இவன் இருந்தான். எறங்கி வந்து எடுத்துக் குடுத்தான். அன்னிலேர்ந்துதான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

இப்போதுதான் அவள் திரும்பினாள். "சொன்னா நீ இன்னா சொல்லுவே?"

"இன்னா சொல்லுவேன்?"

"'குடு சாவிய'ன்னு சொல்லுவே. சொல்லமாட்டியா? கர்த்தர் மேல சத்தியமா சொல்லு."

கிளெமென்ட் வாயைத் திறந்தான். சொல்லமாட்டேன் என்றுதான் சொல்ல வந்தான். ஆனால் அவளுக்கு ஓட்டத் தெரியாது என்று கேட்ட அந்த நொடியில் தன் நெஞ்சுக்குள் என்ன எழுந்தது என்று அவனுக்குத் தெரியும். கோபம் இல்லை, பரிதாபமும் இல்லை. சந்தோஷம். அப்படியென்றால் நான்தானே ஓட்டவேண்டும் என்கிற சந்தோஷம். அவனுக்கே வெட்கமாக இருந்தது.

"மாத்தர போட்டுக்கினுதான இருக்கேன்," என்றான், குரல் இறங்கி. "அதுக்கப்பறம் ஒரு தபா கூட வரலையே."

"போன மாசம் பாத்ரூம்ல விழுந்தியே. வழுக்கிடுச்சுன்னே. நாக்கு கடிபட்டு ரத்தம் வந்திச்சே, அதுவும் வழுக்குனதுதானா? நான் நம்புனேன்னு நெனச்சியா?"

பச்சைப்பயறு போட்டு மனைவியைப் பிடித்தவன், அவள் தன்னை எப்போதோ பிடித்துவிட்டாள் என்பதை அறியாமல் இருந்திருக்கிறான். அவள் பிடித்ததை ஊருக்குச் சொல்லவில்லை. டாக்டரிடம்கூடச் சொல்லவில்லை. ஒரு டிரைவரை மட்டும் வைத்துக்கொண்டாள்.

பச்சை சிக்னல் விழுந்தது. கோவிந்தப்பா குலுக்கல் இல்லாமல் வண்டியை எடுத்தான். நல்ல கால்தான், சந்தேகமே இல்லை.

தொம்மலூரில் ஆபீஸ் வாசலில் வண்டி நிறுத்த இடம் கிடையாது. ஆள் இல்லாத வண்டி என்றால் டோவிங்காரன் கண்ணிமைக்கிற நேரத்தில் தூக்கிப்போய்விடுவான். அதனால் தினமும் கோவிந்தப்பா எஞ்சினை ஓடவிட்டு உட்கார்ந்திருப்பான், பியாட்ரிஸ் ஒருத்தியாகவே நடை நடையாகக் கேரியர்களை உள்ளே கொண்டுபோவாள். இன்றைக்குத்தான் வண்டியில் இன்னொரு ஆள் இருக்கிறானே. கோவிந்தப்பாவுக்கும் அங்கே உட்கார்ந்திருக்கக் கூச்சமாக இருந்திருக்கும். "அண்ணா, நீ வண்டியப் பாத்துக்கோ," என்று சொல்லிவிட்டு, பாதிக் கேரியர்களைத் தூக்கிக்கொண்டு அவள் பின்னாலேயே போனான். மீதி கிளெமென்ட் பக்கத்தில் சீட்டில் இருந்தது.

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. சின்னதாய், சீராய். டிரைவர் சீட் காலியாக இருந்தது. அவன் உயரத்துக்குச் சரியாகப் பின்னுக்குத் தள்ளியிருந்தது.

ஆபீஸ் கேட்டில் நுழையப்போன பியாட்ரிஸ், தன் பக்கத்தில் கோவிந்தப்பா நடந்து வருவதைப் பார்த்தாள். நின்றாள். கையிலிருந்த கேரியர்களை அப்படியே தரையில் வைத்துவிட்டு, புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடிவந்தாள். அந்த உடம்பை வைத்துக்கொண்டு அவள் அப்படி ஓடி கிளெமென்ட் பார்த்ததில்லை. டிரைவருக்குப் பக்கத்துச் சீட்டின் கதவைத் திறந்தாள். கையை நீட்டி எஞ்சினை அணைத்து, சாவியைப் பிடுங்கி எடுத்தாள்.

அதற்குப் பிறகுதான் அவனைப் பார்த்தாள். மூச்சு வாங்கியது. ஏதாவது சாக்குச் சொல்வாள் என்று நினைத்தான். அவள் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள்.

கிளெமென்ட்டுக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். எல்லோர் முன்னாலும் திருடனைப் பிடிக்கிற மாதிரி ஓடிவந்து சாவியைப் பிடுங்கினால் எந்த ஆம்பிளைக்குத்தான் வராது? ஆனால் அவன் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான். ஒரு கால் வண்டிக்கு வெளியே ரோட்டில் இருந்தது. கை டிரைவர் கதவின் பிடியில் இருந்தது. எப்போது இறங்க ஆரம்பித்தான் என்று அவனுக்கே தெரியவில்லை.

"வண்டிய டோவிங்காரன் தூக்கிடப் போறான்," என்றான், என்ன சொல்வதென்று தெரியாமல்.

"தூக்கினா தூக்கட்டும்," என்றாள் பியாட்ரிஸ். "மிச்ச கேரியர எடுத்துக்கினு எங்கூட வா."