குட்டைக் காது

மூசாவின் மகள் ஹஃப்சா ஜெட்டைப் பற்றி டாக்டர் பட்டத்துக்குப் படிக்கிறாள். இந்த ஒரு சேதியை வைத்துக்கொண்டு மனுஷன் தென்காசி பஜாரில் ஐந்து வருஷமாகப் பண்ணிய அலப்பறை கொஞ்சநஞ்சமல்ல. அவர் தண்ணீர் இறைக்கும் ஜெட் மோட்டாருக்கு மெக்கானிக். மகளும் அதே லைன்தான் என்று ஊரே நம்பியது. பெருநாளுக்கு வந்தவளிடம் இரண்டு பேர் தண்ணீர் ஏறாத மோட்டாரைத் தூக்கிக்கொண்டே வந்துவிட்டார்கள்.

இறுதித் தேர்வன்று காலையில்தான் ஹஃப்சா அவரை உட்காரவைத்துப் படத்தைக் காட்டினாள்.

"வாப்பா, இது ஒரு நட்சத்திரம் வெடிச்சதுல மிஞ்சுன கூடு. முதல்ல பந்து மாதிரி இருந்திருக்கும். நடுவுல ரெண்டு பேரு ஜோடியா சுத்துதாங்க. ஒண்ணு நல்ல நட்சத்திரம், இன்னொண்ணு வெடிச்சு ஒடுங்குனது. ஒடுங்குனது மத்ததுகிட்ட இருந்து வாயுவ உறிஞ்சி, ரெண்டு பக்கமும் ஜெட்டா பீச்சுது. அந்த ஜெட்டு முட்டித் தள்ளித்தான் கூட்டுக்கு இப்படி ரெண்டு காது மொளச்சிருக்குன்னு நான் சொல்லுதேன்."

"இதுல மோட்டார் எங்கன இருக்கு?"

"மோட்டாரே இல்ல வாப்பா."

மூசாவுக்கு முகம் சுருங்கிப்போயிற்று. பஜாரில் இனி எப்படித் தலைகாட்டுவது!

சாரல் விழுந்தால் வீட்டில் நெட் நிற்காது. அதனால் குற்றாலத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் ஆவுடைநாயகம் அண்ணாச்சி, சீசன் கூட்டத்திலும் ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்திருந்தார். லேப்டாப் வழியாக இறுதித் தேர்வு. இதில் தேறினால்தான் பட்டம். மூசா கேமராவில் விழாமல் கதவோரம் நின்றுகொண்டார். கிரீஸ் ஏறிய கையோடு தான் அங்கே தெரிந்தால் பிள்ளைக்குக் கேவலம் என்பது அவர் நினைப்பு.

எல்லாம் நன்றாகத்தான் போனது. கடைசியில் ஜஸ்டின் என்ற நாகர்கோவில்காரப் பேராசிரியர் ஆங்கிலத்தில் மடக்கினார். ஜெட் இரண்டும் சம வேகம் என்கிறாயே, பிறகு வலது காது மட்டும் ஏன் குட்டை? சவூதியில், தமாமில் வேலை பார்த்தபோது கற்ற ஆங்கிலம் மூசாவுக்கு அந்த அளவு கைகொடுத்தது. ஹஃப்சா அடுத்த படத்தைத் தேடிக்கொண்டிருந்தாள். பிள்ளை திணறுகிறாள் என்று நினைத்தவருக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, அந்தப் பக்கம் எதுக்க ஏதோ கெட்டியா கெடக்கும்லா!"

மைக் அதை அப்படியே வாங்கிக்கொண்டது. ஐயோ, அஞ்சு வருஷப் படிப்பைக் கெடுத்துவிட்டோமே என்று மூசா வாயைப் பொத்திக்கொண்டார்.

ஹஃப்சா தேடிய படம் திரையில் வந்தது. வலது பக்கம் முழுக்க வாயு அடர்ந்து கிடந்தது. ஜஸ்டின் விழுந்து விழுந்து சிரித்தார்.

"சரியான பதில். யாரும்மா அது?" என்று தமிழிலேயே கேட்டார்.

ஹஃப்சா எழுந்துபோய், மூசாவின் கிரீஸ் கையைப் பிடித்து இழுத்துவந்து கேமராவுக்கு நேரே நிறுத்தினாள்.

"எங்க வாப்பா சார். அவங்களும் ஜெட்டுதான்."