வாய்க்காலுக்கு அக்கரையில் தொண்ணூற்றேழு பேர்

நான் பள்ளிக்கூடத்தில் இருபத்திரண்டு வருடம் கணக்கும் பூகோளமும் நடத்தியவன். என் சொந்த ஊரின் படத்தையே நான் தப்பாகப் போட்டேன். தெரியாமல் அல்ல. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. இல்லையென்றால் பாதிக் கதைக்குள் என்னை நானே நல்லவனாக்கிக்கொண்டுவிடுவேன். அந்தப் பழக்கம் எனக்கு உண்டு.

மருதங்குடி நீடாமங்கலத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். 1970இல் ஊர் கண்ணெதிரே பெருத்துக்கொண்டிருந்தது. இரண்டு ரைஸ் மில் வந்தாயிற்று, டூரிங் டாக்கீஸ் வந்தாயிற்று. உரக்கடை வைத்தவன் அடுத்த வருடமே மாடி எடுத்தான். கடைத்தெரு ஆற்றுப் பாலத்தில் தொடங்கிப் பெருமாள் கோவிலையும் தாண்டிவிட்டது. ஜனத்தொகை மட்டும் ஐயாயிரத்தைத் தொட்டால் ஊர் பேரூராட்சி ஆகும், தெருவிளக்கும் தண்ணீர்த் தொட்டியும் வரும் என்று எல்லோரும் பேசிக்கொண்டார்கள். பஞ்சாயத்துத் தலைவர் துரைராசு அதே நினைப்பாக அலைந்தார். ஊரில் பாதி நிலம் அவருடையது.

ஜனத்தொகைக் கணக்கெடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. அந்த ஆவணியில் ஊர்ப்படம் போட்டு வீட்டுக்கு வீடு நிலைக்கதவில் காவியால் எண் எழுத வேண்டும். அடுத்த மாசியில் தலைகளை எண்ண வேண்டும். ஒரு டப்பாவில் காவியைக் கரைத்துக்கொண்டு தெருத் தெருவாகப் போனேன். எண்ணை எழுதி அதைச் சுற்றி ஒரு வட்டம், வட்டத்துக்குக் கீழே ஒரு புள்ளி. எனக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். ஒன்றும் ஏழும் குழம்பக் கூடாது என்பதற்காக ஏழின் நடுவில் ஒரு குறுக்குக் கோடு இழுப்பேன். என்னிடம் படித்த பிள்ளைகளையும் அப்படித்தான் எழுத வைத்தேன், எழுதாதவர்கள் அடி வாங்கினார்கள்.

ஊருக்குக் கிழக்கே ஒரு வாய்க்கால். இக்கரையில் துரைராசுவின் பண்ணை மாட்டுக்கொட்டகை. அக்கரையில் அவருடைய நிலத்தில் வேலை செய்கிறவர்களின் தெரு, இருபத்து மூன்று வீடுகள். நடுவில் இரண்டு தென்னைமரங்களைப் போட்ட பாலம். கொட்டகைத் தூணில் 214 என்று எழுதிவிட்டு நிமிர்ந்தபோது பண்ணைக் காரியஸ்தர் ஐயாவு பக்கத்தில் நின்றார்.

"அங்க எதுக்கு சார் போறீங்க? பண்ணையாளுங்க பண்ணைக் கணக்குலதானே வருவாங்க. எல்லாத்துக்கும் சேத்து இந்த ஒரு நம்பரே போதும்" என்றார்.

நான் பாலத்தைப் பார்த்தேன். மழையில் நனைந்த மரம், வழுக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். தலையில் நாற்றுக்கட்டோடு பெண்கள் தினம் நடக்கிற பாலம் அது. உண்மை என்னவென்றால், அந்தத் தெருவுக்குள் நான் பிறந்ததிலிருந்து போனதில்லை. என் அப்பாவும் போனதில்லை. அறுபத்தேழு தேர்தல் சமயத்தில் படிப்பகத்து மேடையில் தொண்டை கட்டும்வரை சமத்துவம் பேசி, கைதட்டலும் வாங்கியவன் நான். மேடைக்கும் கூட்டத்துக்கும் நடுவில் அன்றைக்கு வாய்க்கால் இருக்கவில்லை.

படத்தில் வாய்க்காலை நீலப் பென்சிலால் இழுத்து, அதோடு ஊரை நிறுத்தினேன். 'பண்ணைக் கொட்டகை, ஒன்று' என்று எழுதினேன். ஐயாவு மோர் கொண்டுவரச் சொன்னார். குடித்துவிட்டுக் கிளம்பியதில் காவி டப்பாவைக் கரையிலேயே மறந்துவிட்டேன். மறுநாள் வேறு காவி கரைத்து ரைஸ் மில்லுக்கு 215 போட்டேன்.

மாசியில் தலைக்கணக்கு வந்தது. அப்போதும் நான் பாலம் ஏறவில்லை. இக்கரையில் குடையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அக்கரையில் வேம்பு நின்று பெயர்களைச் சொன்னாள். ஐந்தாவது வரை என்னிடம் படித்தவள், வாய்க்கணக்கில் கெட்டிக்காரி. நடவுக்குப் போக ஆரம்பித்ததும் படிப்பு நின்றுவிட்டது. அதே தெருவில் வீரையனைக் கட்டிக்கொண்டு இரண்டு பிள்ளைக்குத் தாயாகியிருந்தாள். வீடு வீடாக வரிசை பிசகாமல், அன்று விடிகாலையில் பிறந்த சிசுவைக்கூட விடாமல் சொன்னாள். தொண்ணூற்றேழு பேர்.

முடித்ததும், "வீட்டு நம்பர் வேணாமா சார்?" என்று கேட்டாள்.

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன்" என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஒரு கொட்டகைக்குள் தொண்ணூற்றேழு பேர் எப்படிப் படுப்பார்கள் என்று மேலே யாரும் கேட்கவில்லை. ஊரின் மொத்தக் கணக்கு 5,047 வந்தது. அந்தத் தொண்ணூற்றேழு பேர் இல்லையென்றால் ஐயாயிரம் இல்லை. துரைராசு எனக்கு ஒரு துண்டு போர்த்தினார். நானும் கூச்சமில்லாமல் கழுத்தை நீட்டினேன்.

அந்த வருடமே புதுச் சட்டம் வந்தது. விவசாயத் தொழிலாளி அடுத்தவர் நிலத்தில் அந்த ஆனி மாதத்தில் குடியிருந்திருந்தால் அந்த மனை அவருக்கே சொந்தம். அக்கரைத் தெருவில் இருபத்து மூன்று வீட்டாரும் மனுக் கொடுத்தார்கள். துரைராசு ஒரே பதில் சொன்னார். பண்ணைக்கு அங்கே இருந்தது ஒரு கொட்டகைதான், குடிசைகள் எல்லாம் சட்டம் வந்த பிறகு இடத்தைப் பிடிக்கப் போட்டவை, வேண்டுமானால் கணக்கெடுத்த வாத்தியாரையே கேட்டுக்கொள்ளுங்கள் என்றார். ரேஷன் கார்டிலும் அவர்களுக்குப் பண்ணை விலாசம்தான். வேறு காகிதம் கிடையாது.

கார்த்திகையில் விசாரணைக்கு வருவாய்த் துறை அதிகாரி ஜீப்பில் வந்தார். பதிவேட்டோடு என்னைக் கூப்பிட்டார்கள். பொய்க் கணக்கு எழுதியது தெரிந்தால் வேலை போகும் என்று பள்ளிக்கூடத்திலிருந்து நடக்கும்போதே நினைத்துக்கொண்டேன். எந்த வீடு போகும் என்று நினைக்கவில்லை. அதிகாரி பாலம் ஏறினார். நானும் பின்னாலேயே ஏறினேன். அது வழுக்கவில்லை.

முதல் வீட்டின் கதவுக்காலைப் பார்த்தேன். காவியில் 215. சுற்றி ஒரு வட்டம், கீழே ஒரு புள்ளி. அடுத்த வீட்டில் 216. அதற்கடுத்து 217, அந்த ஏழின் நடுவில் குறுக்குக் கோடு. இப்படியே தெருக்கோடி வரை, 237 வரை. மழையில் பாதி கரைந்து, சில இடத்தில் அடுப்புப் புகை ஏறி, நேற்று எழுதியதல்ல என்று யாருக்கும் தெரியும்படி இருந்தது.

அதிகாரி நின்றார். "இதெல்லாம் நீங்க போட்ட நம்பரா?" என்று என்னைக் கேட்டார்.

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். இருபத்து மூன்று மனையும் அவர்களுக்கு. நான் தெருவுக்குள் வந்தவனாகவும் ஆகிவிடுவேன். வேம்பு வாசலில் நின்று என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குப் பின்னால் தெருவே நின்றது. துரைராசு கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு இக்கரையில் நின்றார்.

"இல்லைங்க" என்றேன். அந்த விஷயத்தில் நான் பேசிய முதல் உண்மை அது.

215 ரைஸ் மில் நம்பர் என்று கூடவே வந்திருந்த ஐயாவு உடனே எடுத்துக் கொடுத்தார். யார் எழுதியது என்று அதிகாரி கேட்டார். வேம்பு ஒளிக்கவில்லை.

"நான்தாங்க எழுதினேன். கொட்டாயில சார் நம்பர் போட்ட அன்னிக்கே எழுதினது. டப்பாவக் கரையில வச்சுட்டுப் போயிட்டாங்க. பொழுது போயிடுச்சு போலன்னு நெனச்சேன். மிச்சத்த நான் எழுதிட்டா சாருக்கு வேலை கொறையும்னு எழுதினேன்" என்றாள்.

டப்பாவை விட்டுவிட்டுப் போனீர்களா என்று அதிகாரி என் பக்கம் திரும்பினார். ஞாபகம் இல்லை என்றேன். உண்மைக்குப் பின்னால் பொய் எவ்வளவு சுலபமாக வருகிறது என்று அன்று தெரிந்துகொண்டேன்.

பொய்யாக எழுதியிருப்பாள் என்று தன்னைச் சந்தேகப்படுகிறார்கள் என்பது மட்டும் வேம்புவுக்குப் புரிந்தது. என்னைச் சாட்சிக்குக் கூப்பிடுகிறவள் போல, "சார் சொல்லிக் குடுத்த மாதிரிதாங்க எழுதியிருக்கேன். ஏழுக்கு நடுவுல கோடு போடச் சொன்னதே சார்தான்" என்றாள்.

அதிகாரி என் பதிவேட்டைப் பிரித்து ஏழுகளைப் பார்த்தார். கதவுக்காலைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் வாய் திறப்பேனா என்று கொஞ்ச நேரம் காத்திருந்தார் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். நான் குனிந்து பாலத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பதிவேட்டை மூடிக் கொடுத்துவிட்டார்.

மனுக்கள் தள்ளுபடியாயின. தை அறுப்பு முடிந்ததும் வீடுகளைப் பிரித்தார்கள். அன்று நான் வகுப்பில் இருந்தேன், ஆறாம் வகுப்புக்கு ஆறுகள் பாடம். வேம்பும் வீரையனும் பிள்ளைகளோடு ஒரத்தநாட்டுப் பக்கம் போனதாகக் கேள்வி. மற்றவர்கள் எங்கே போனார்கள் என்று நான் விசாரிக்கவில்லை. விசாரிக்க வெட்கமாக இருந்தது, இப்போதும் இருக்கிறது.

அடுத்த மாதம் மருதங்குடி பேரூராட்சி ஆயிற்று. பஸ் நிறுத்தத்தில் பலகை வைக்க வேண்டும், ஜனத்தொகையை எழுதிக் கொடுங்கள் என்று பெயின்டர் வந்து நின்றான். ஒரு துண்டுச் சீட்டில் 5,047 என்று எழுதிக் கொடுத்தேன். அவன் பார்த்து எழுதுகிறவன், சீட்டில் இருந்ததை இருந்தபடியே பெரிதாக எழுதிவிட்டான். ஊருக்குள் வருகிற எல்லோரும் படிக்கும்படி அந்த ஏழு நிற்கிறது, நடுவில் குறுக்குக் கோட்டோடு. பஸ் அந்தப் பலகையைத் தாண்டும்வரை நான் குனிந்து செருப்பைச் சரிசெய்துகொண்டிருப்பேன்.