ஒரு வாசல், இரண்டு அடுப்பு

மின்கம்பம் நடும் ஒப்பந்தக்காரரின் ஆள் முஸ்யோகா வீடுகளை எண்ணவில்லை, வாசல்களை எண்ணினார். சாலையில் நடந்துகொண்டே செய்ய அதுதான் வசதி. கள்ளி வேலியில் எங்கே திறப்பு இருக்கிறதோ அங்கே ஒரு கோடு. ஒரு வாசலுக்கு ஒரு மீட்டர்.

எங்கள் வாசலுக்குள் இரண்டு வீடுகள் இருந்தன. வாசலுக்கு நேர் எதிரே பெரியம்மா பெனினாவின் வீடு. அவர் அப்பாவின் முதல் மனைவி. இடப்பக்கம் எங்கள் வீடு. என் அம்மா ரிஸ்பர் இரண்டாவது மனைவி. அப்பா இறந்து ஒன்பது வருடங்கள் ஆகின்றன. அவருடைய கல்லறை இரண்டு வீடுகளுக்கும் நடுவில் இருக்கிறது.

“பெரிய வீட்டுக்கு எழுதிட்டேம்மா,” என்றார் முஸ்யோகா.

“அப்ப இது என்ன, ஆட்டுக் கொட்டகையா?” என்று அம்மா தன் வீட்டைக் காட்டினார்.

“ஒரே குடும்பம்தானே. புருஷன் ஒருத்தர்தானே.”

“அவரு அதோ படுத்திருக்காரு. மீட்டர அவருக்கா குடுக்கப் போறீங்க?”

முஸ்யோகா கல்லறையைப் பார்த்தார். பிறகு தாளைப் பார்த்தார். அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.

அந்த வருடம் டிரான்ஸ்பார்மருக்கு அருகில் இருந்த எல்லா வீடுகளுக்கும் ஒரே கட்டணம், பதினைந்தாயிரம் ஷில்லிங். மீதிச் செலவு அரசாங்கத்துடையது. மண் சுவரோ கல் சுவரோ, கட்டணம் மாறாது. மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாகவும் கட்டலாம். ஆனால் கம்பம் நடும் ஆட்கள் எங்கள் பக்கத்து வேலையை முடித்துப் போய்விட்டால், பிறகு கேட்பவர்கள் பழைய கட்டணம் கட்ட வேண்டும். அம்மாவால் அதை ஒருபோதும் கட்ட முடியாது.

அம்மா ஏரிக்கரையில் மீன் வாங்கி விற்பவர். விடியும்போது ஒரு விலை, பத்து மணிக்குப் பாதி விலை, நடுப்பகலில் வாங்குகிறவர் சொல்வதுதான் விலை. மீனுக்கு வெயில் தெரிந்துவிட்டால் அம்மாவின் பேரம் முடிந்தது. அதனால் பழைய ஃப்ரீசர் ஒன்றை மின்சாரம் வருவதற்கு முன்பே வாங்கிவைத்தார். இப்போதைக்கு அதற்குள் மக்காச்சோள மாவும் என் புத்தகங்களும் இருந்தன. எலி தொடாது.

பெரியம்மாவின் மீட்டரிலிருந்து ஒரு கம்பி இழுத்துக்கொள்ளலாமே என்று பலரும் சொன்னார்கள். அவர்களுக்குப் பெரியம்மாவைத் தெரியாது, அல்லது அம்மாவைத் தெரியாது. இருவரும் வருடக்கணக்காக உப்பு இருக்கிறதா, மாடு கட்டியாகிவிட்டதா என்பதற்கு மேல் பேசிக்கொண்டதில்லை. எங்கள் வழக்கப்படி விதைப்பதில் பெரியம்மா முதல். அவர் ஒரு கைப்பிடி விதை போட்ட பிறகுதான் அம்மா போடலாம். களை எடுப்பதும் அறுப்பதும் அப்படித்தான். ஒரு வருடம் பெரியம்மா காய்ச்சலில் கிடந்தார். அம்மா மழையைப் பார்த்துக்கொண்டு பதினோரு நாள் காத்திருந்தார். பதினோராம் நாள் பெரியம்மா போர்வையோடு வந்து ஒரு குழி தோண்டி ஒரு விதை போட்டுவிட்டு, “ம், நடு,” என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

அம்மா என்னை அழைத்துக்கொண்டு உதவி அதிகாரி ஒபோண்டோவிடம் போனார். கிராமத்தில் எந்தக் காகிதத்துக்கும் அவருடைய முத்திரை வேண்டும்.

“தனி மீட்டர் வேணும்னா தனி வாசல் வச்சுக்கோ,” என்றார் ஒபோண்டோ. “பிரிஞ்சு போ. நான் முத்திரை போடறேன்.”

“மகன் இல்லாதவ எப்படித் தனி வாசல் வைப்பா? உங்களுக்குத் தெரியாதா?”

“வழக்கத்த நான் எழுதல ரிஸ்பர்.”

“மீட்டர் சட்டத்தயும் நீங்க எழுதல. எழுதாத ரெண்டயும் என் தலைல மட்டும் எதுக்கு ஏத்தறீங்க?”

ஒபோண்டோ சிரித்தார். என்னைப் பார்த்து, “டீச்சர், உங்கம்மா நாடாளுமன்றத்துக்கே போலாம்,” என்றார்.

எனக்கு ஒரு பதில் தெரியும். அங்கே சொல்லவில்லை. பகல்நேர உயர்நிலைப் பள்ளியில் நாற்பது பிள்ளைகளுக்கு இயற்பியல் நடத்துகிறேன். கரும்பலகைக்கு முன்னால் மட்டும்தான் எனக்குக் குரல் வரும்.

திரும்பும் வழியில் அம்மா ஒரே ஒரு வாக்கியம் சொன்னார். “எங்கிட்டயும் விண்ணப்பத் தாள் இருக்கு, அதுல எம்பேரு இருக்கு, அத நான் கிழிக்க மாட்டேன்.”

மூன்றாம் நாள் கம்பங்கள் வந்தன. பெரியம்மாவின் மரவள்ளிக் காட்டின் வழியாகக் கம்பி போக வேண்டும். அதைத் தாண்டி மாவு மில்லும் பதின்மூன்று வாசல்களும் இருந்தன. நிலம் பெரியம்மாவின் பெயரில் இருந்தது. அவர் சம்மதக் கையெழுத்துப் போட்டால்தான் குழி தோண்ட முடியும்.

முஸ்யோகா புன்னகையோடு பெரியம்மாவிடம் போனார். ஊரிலேயே மிகச் சுலபமான கையெழுத்து என்று நினைத்திருப்பார். மூத்தவளுக்கு மட்டும் விளக்கு, இளையவளுக்கு இருட்டு. இதைவிட ஒரு சக்களத்திக்கு என்ன வேண்டும்? ஒபோண்டோவும் கூட வந்திருந்தார். வேலையாட்கள் கடப்பாரையை ஊன்றி நின்றார்கள். அம்மா எங்கள் வீட்டு முன்னால் மீன் செதிலைச் சுரண்டிக்கொண்டிருந்தார். தலை நிமிரவில்லை.

“உங்களுக்குத்தாம்மா முதல் மீட்டர்,” என்றார் முஸ்யோகா.

“முதல்னா, ரெண்டாவது யாருக்கு?” என்று பெரியம்மா கேட்டார்.

“ரெண்டாவது இல்ல. உங்களுக்கு மட்டும்தான்.”

பெரியம்மா தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார். கையெழுத்துப் போடவில்லை.

“தம்பி, நான் இந்த வாசலுக்குள்ள முப்பத்தெட்டு வருஷமா மூத்தவ. விதை நான் போட்டப்புறம் அவ போடுவா. கதிர் நான் அறுத்தப்புறம் அவ அறுப்பா. எம்பின்னால ஒருத்தி வர்றதாலதான் நான் மூத்தவ. எனக்குப் பின்னால யாருமே இல்லன்னு நீ எழுதிட்டா, நான் யாருக்கு மூத்தவ? உன் கம்பத்துக்கா?”

செதில் சுரண்டும் சத்தம் நின்றது.

“அம்மா, ஒரு குடும்பத்துக்கு ஒரு மீட்டர். கணக்கு அப்படி.”

“அவளும் நானும் ஒரு குடும்பம்னு உனக்கு யாரு சொன்னா? அவ வைக்கிற குழம்ப நான் வாயில வச்சதில்ல. உப்பே போடமாட்டா.”

“நான் போடறேன். உங்களுக்குத்தான் நாக்கு போயிருச்சு அக்கா,” என்றார் அம்மா அங்கிருந்தே.

வேலையாட்களில் ஒருவர் சிரித்துவிட்டார்.

ஒபோண்டோ குறுக்கிட்டார். “பெனினா, பதின்மூணு வாசல் உன்னால இருட்டுல கெடக்கணுமா? மில்லுக்காரன் வந்து என் வீட்டு முன்னால கத்துவான்.”

“கத்தட்டும். என் காடு. குழி வேணும்னா உன் முற்றத்துல தோண்டிக்கோ.”

“ரெண்டு குடும்பம்னு யார் ஒத்துக்குவா? எழுத்துல எங்க இருக்கு?”

அப்போதுதான் பேசினேன். சத்தமாக வரவில்லை, ஆனால் வந்தது.

“கதவுல இருக்கு.”

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். “ஆகஸ்ட்ல மக்கள்தொகைக் கணக்கு எடுத்தோமே. ஒரு அடுப்புல சமைச்சுச் சாப்பிடறவங்க ஒரு குடும்பம். அப்படித்தான் எங்களுக்குப் பயிற்சி குடுத்தாங்க. பெரியம்மா கதவுல இருபத்தேழு. எங்க கதவுல இருபத்தெட்டு. சாக்பீஸ்ல நான்தான் எழுதினேன். நீங்க பக்கத்துல நின்னீங்க சார்.”

ஒபோண்டோ இரண்டு கதவுகளையும் பார்த்தார். மழை அதிகம் அடிக்காத பக்கம், எண்கள் அழியவில்லை. அவர் தொப்பியைக் கழற்றித் திரும்பப் போட்டுக்கொண்டார்.

“அது வேற கணக்கு,” என்றார்.

“அதே அரசாங்கம்தானே?” என்றார் பெரியம்மா. “ஆளுங்கள எண்ணும்போது நாங்க ரெண்டு, விளக்குக் குடுக்கும்போது ஒண்ணா?”

அன்று குழி தோண்டவில்லை. மறுநாளும் இல்லை. பெரியம்மா காட்டு ஓரத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பயறு உரித்தார். மில்லுக்காரர் வந்து கத்தினார். தேவாலயத்துப் பெண்கள் வந்து அன்பைப் பற்றிப் பேசினார்கள். பெரியம்மா அவர்களுக்கும் கொஞ்சம் பயறு கொடுத்து உரிக்கச் சொன்னார். நடுப்பகலில் அம்மா ஒரு தட்டில் உகாலிக் களியும் வறுத்த மீனும் கொண்டுபோய் வைத்தார்.

பெரியம்மா ஒரு துண்டை வாயில் போட்டார். “இன்னும் உப்பு இல்ல,” என்றார். மீதியையும் சாப்பிட்டார்.

மூன்றாம் நாள் காலை முஸ்யோகா தொலைபேசியில் தன் முதலாளியிடம் வெகுநேரம் பேசினார். அதிகமாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். பிறகு எங்கள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் கையை நீட்டினார்.

“தாளக் குடுங்கம்மா.”

அம்மா கொடுத்தார். முஸ்யோகா பட்டியலில் எங்கள் வாசலுக்கு எதிரே இருந்த ஒன்றை அடித்து இரண்டு என்று எழுதினார். பெரியம்மா அவர் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

“மேல பெனினா. கீழ ரிஸ்பர். அப்படியே எழுது. விளக்கும் முதல்ல எனக்கு எரியணும்.”

“அதுவரைக்கும் நான் கண்ண மூடிக்கிட்டு இருக்கேன் அக்கா,” என்றார் அம்மா.

“இரு. உனக்கென்ன அவசரம்.”

முஸ்யோகா பேனாவை நீட்டினார். பெரியம்மா அதை வாங்கினார். தாளின் மேல் வைத்தார். அப்புறம் எடுத்துவிட்டார்.

“பக்கத்து வாசல், ஓயோம்பே வீடு. அங்க என்ன எழுதியிருக்க?”

“ஒண்ணு.”

“அங்க மூணு அடுப்பு.”

முஸ்யோகா வானத்தைப் பார்த்தார். “அவங்க உங்க சொந்தமாம்மா?”

“சொந்தமா? அந்த வீட்டுக்காரிக்கும் எனக்கும் பேச்சே கெடையாது. என் மாடு அவ கீரையத் தின்னுச்சுன்னு ஊரக் கூட்டினவ.” பெரியம்மா தாளை மடித்தார். “ஆனா அவளும் மூத்தவ. அவளுக்குப் பின்னால ரெண்டு பேரு இருக்காங்க. போய் எண்ணிட்டு வா. அப்புறம் கையெழுத்து.”

“பதின்மூணு வாசலயுமா?”

“உனக்குக் கால் இருக்கு.”

அம்மா அப்போதுதான் எழுந்தார். கையை உதறித் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். “நீ கூடப் போ. இவரு வெளிய நின்னுதான் எண்ணுவாரு.”

எனக்கு ஒன்பது மணிக்கு வகுப்பு இருந்தது. பள்ளிக்குத் தாமதமாக வருவேன் என்று ஒரு செய்தி அனுப்பினேன். அன்று காலையும் வந்திருந்த ஒபோண்டோ எங்களோடு வரவில்லை. முத்திரையைத் தயாராக வைத்திருப்பதாகச் சொல்லிவிட்டுப் போனார்.

ஓயோம்பே வாசலில் நாய் குரைத்தது. முஸ்யோகா வழக்கம்போலச் சாலையிலேயே நின்று பேனாவைத் திறந்தார். நான் வேலித் திறப்பைத் தாண்டி உள்ளே போனேன். யாருடைய வீட்டுக்குள்ளும் அவர்கள் அழைக்காமல் நான் போனதில்லை.

“உள்ள வாங்க சார்,” என்றேன். “கதவுக்குக் கதவு நம்பர் இருக்கு.”