பொட்டு படுத்த கம்பளி

ராஜப்பாவுக்கு முன்னால் அவன் மூச்சுதான் நடந்து வரும். பகல் ஷிப்ட் முடிந்து ஆட்கள் லைன் வீடுகளுக்குத் திரும்பும்போது, பின்னால் அந்த விசில் கேட்கும்.

"துருத்தி வருதுடா, வழி உடுங்க!" என்று கூட வேலை செய்கிறவர்கள் சிரிப்பார்கள். ராஜப்பாவும் சிரிக்கப் பார்ப்பான். சிரிப்பு இருமலில் போய் முடியும்.

தங்கச் சுரங்க ஆஸ்பத்திரியின் வெள்ளைக்கார டாக்டர் துரை அவன் மார்பில் குழாய் வைத்துக் கேட்டுவிட்டு, பாறைத் தூசி என்றார். அடுத்த மாதமும் இப்படியே இருந்தால் வேலைப் பட்டியலிலிருந்து பெயரை எடுத்துவிட வேண்டியதுதான், ஊருக்குப் போகட்டும் என்றார். ராஜப்பாவுக்குப் போக ஊர் இல்லை. பிளேக் வந்த வருஷம் மனைவி ரத்தினம்மா போய்விட்டாள். அவனுக்கு மிஞ்சியது சாம்பியன் ரீப்ஸ் சுரங்கத்து லைனில் ஒரு அறை, அவள் மடியில் வைத்துக் கொண்டுவந்து வளர்த்த ஒரு வெள்ளைப் பூனை. நெற்றியில் கறுப்பாக ஒரு புள்ளி இருந்ததால் அதற்குப் பொட்டு என்று பெயர் வைத்திருந்தாள்.

துரை சொன்னதை ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடும் டிரெஸ்ஸர் ஏனோக்கும் நம்பினார், அந்த டிசம்பர் மாலை வரைக்கும்.

அன்று யாருக்கோ கால் நசுங்கிவிட்டதென்று அவரை சுரங்கத்துக்குள் இறங்கும் ஷாப்ட் பக்கத்து உடை மாற்றும் கொட்டகைக்குக் கூப்பிட்டிருந்தார்கள். தங்கத்தை ஒளித்துக் கொண்டுபோகக் கூடாதென்று, கேஜ் கூண்டில் மேலே வருகிறவர்கள் சுரங்கத் துணியை ஓர் அறையில் கழற்றிப் போட்டு, வாட்ச்மேன் முன்னால் வெறும் உடம்போடு கையைத் தூக்கி வாயைத் திறந்து காட்டிவிட்டு, அடுத்த அறையில் வீட்டுத் துணியை உடுத்த வேண்டும். ஏனோக் கட்டுப் போட்டுக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார். வாட்ச்மேன் முன்னால் ராஜப்பா நின்றிருந்தான். நாள் முழுக்கப் பாறை துளைத்தவன். அவன் மூச்சில் சத்தமே இல்லை.

அடுத்த அறைக்குப் போனான். வேட்டி, சட்டை. குளிருக்குக் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்திக்கொண்டான். ஏனோக் கடைசி முடிச்சைப் போடுவதற்குள் விசில் ஆரம்பித்துவிட்டது.

"ராஜப்பா, கீழ லெவல்ல இருக்கும்போது இளைப்பு வருமா?"

"காலைல எறங்கும்போது கீதுங்க. போவப் போவ சரியாப் பூடும். மேல வந்தா மறுபடி."

"இத ஏன் சொல்லல?"

"யாரும் கேக்கலியே டிரெஸ்ஸரய்யா."

மேலே வந்ததும் கேட்பதால் கீழேயிருந்து கொண்டுவந்தது என்று எல்லோரும் நினைத்துவிட்டார்கள்.

ஏனோக் அவனை வீட்டுக்கு விடவில்லை. தன் சட்டையையும் துவைத்த போர்வையையும் கொடுத்து வார்டு மூலையில் ஆறு நாள் படுக்க வைத்தார். ஷிப்டுக்கு அங்கிருந்தே போய் வந்தான். மூன்றாம் நாள் விசில் நின்றது. ஆறாம் நாள் சுவரில் சாயாமல் மல்லாந்து தூங்கினான். தினமும் ஒன்றையே கேட்டான்: "பக்கத்து ஊட்டம்மா பொட்டுக்குச் சோறு வெச்சாங்களாமா?"

ஏழாம் நாள் ஏனோக் அந்தக் கம்பளியை வரவழைத்து அவன் தோளில் போட்டார். தும்மல். கண் சிவந்தது. கால் மணி நேரத்துக்குள் மார்பு விசிலடித்தது. ஏனோக் அதைப் பிடுங்கி வெளியே எறிந்துவிட்டு, இளைப்பு தணியத் தட்டில் காய்ந்த ஊமத்தை இலையைக் கொளுத்திப் புகையைப் பிடிக்கச் சொன்னார். பதினெட்டு வருஷம் பிறர் சொன்ன மருந்தையே கட்டியவர் முதன்முதலாகத் தானே ஒன்றைக் கண்டுபிடித்திருந்தார். வீட்டுக்குப் போய்ச் சொல்ல அவருக்கும் ஆள் இல்லை.

"கம்பளியக் கொளுத்திடறேங்க. வேற வாங்கிக்கலாம்."

"கம்பளி இல்ல ராஜப்பா. அதுல யார் படுக்கறது?"

"நானு."

"வேற?"

ஏனோக் தன் விரலில் ஒட்டியிருந்த வெள்ளை மயிரைக் காட்டினார்.

"முன்ன அவகூட அடுப்பாண்ட படுத்துக்கினு இருந்துச்சு. அவ போனப்புறம்தான் எங்கிட்ட வந்துச்சு. அது இன்னா பண்ணுச்சுங்க?"

"அது ஒண்ணும் பண்ணல. உன் ஒடம்பு அத ஏத்துக்கல."

"நான் ஏத்துக்கினேனே!"

புகை தட்டில் அடங்கிக்கொண்டிருந்தது.

"தூசின்னே எழுதிக்குங்களேன்" என்றான்.

"எழுதினா பேரை அடிச்சிடுவாங்க. ரூமும் போயிடும். அதத் தூக்கிக்கினு எங்க போய்ப் படுப்ப?"

மறுநாள் ஏனோக்கே கூடையோடு போய்ப் பூனையைக் கொண்டுவந்தார். ஆஸ்பத்திரி கோடவுனில் எலித் தொல்லை இருந்தது, அதனால் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ராஜப்பா அறையைக் கழுவிச் சுண்ணாம்பு அடித்தான். மாதக் கடைசியில் துரை அவன் மார்பைக் கேட்டுவிட்டு, ஏனோக் சொன்ன காரணத்துக்கு, பூனையா என்று சிரித்தார். பெயர் பட்டியலிலேயே நின்றது.

அதற்கடுத்த ஞாயிறு, கோடவுன் வாசலில் மருந்து மூட்டை எண்ணிக்கொண்டிருந்த ஏனோக் வேலிக்கு அப்பால் ராஜப்பாவைப் பார்த்தார். தலை வாரி, புதுக் கம்பளி போர்த்தியிருந்தான்.

"பொட்டு" என்று கூப்பிட்டான்.

பூனை மூட்டையிலிருந்து குதித்து ஓடியது. கம்பிக்கடியில் நுழைந்து அவன் காலை நோக்கிப் போனது. ராஜப்பா ஓரடி பின்னால் வைத்தான். பூனை கிட்டே வந்தது. அவன் இன்னும் ஓரடி. பூனை உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தது. விளையாட்டென்று நினைத்ததோ என்னவோ, எழுந்து மறுபடி வந்தது. தங்கம் பிரித்துக் கொட்டிய சயனைடு மணல் மேடு வரைக்கும் அவன் இப்படியே, முகத்தைத் திருப்பாமல், பின்னால் நடந்தான்.

ஏனோக் காது கொடுத்துக் கேட்டார். விசில் சத்தம் இல்லை.