பள்ளங்கி ஸ்டெப்னி

பிரேக் மிதி தரையைத் தொட்டது. ஆக்ஸிலியா காலை எடுத்து மறுபடி மிதித்தாள். மறுபடியும் தரை. ஈரத்துணியை மிதித்த மாதிரி சொதசொதவென்று உள்ளே போனது.

"ஏங்க, பிரேக் பிடிக்கல."

பின் சீட் முழுக்க மாவுக்கட்டுக் காலை நீட்டிக் கிடந்த டிக்சன் அரைத்தூக்கத்தில் முனகினான். "நல்லா மிதி ஆக்ஸி. உன் கால்ல வெயிட்டு எங்க இருக்கு?"

"இதுக்கு மேல மிதிக்கணும்னா ரோட்டைத்தாங்க மிதிக்கணும்!"

டிக்சன் அலறிக்கொண்டு எழுந்து உட்கார்ந்தான்.

பெருமாள்மலை தாண்டி வத்தலக்குண்டுக்கு இறங்கும் சாலை. இடப்பக்கம் பள்ளம், வலப்பக்கம் மலை. வண்டியோ இடப்பக்கமே இழுத்தது, பின்சக்கரம் ஒன்றை யாரோ பிடித்து வைத்துக்கொண்டு விடமாட்டேன் என்பது போல. ஸ்டியரிங்கை வலப்பக்கம் ஒடித்துப் பிடித்ததில் தோள்பட்டை கழன்றுவிடும் போலிருந்தது.

"அம்மா, ஏதோ கருகுது," என்றாள் முன் சீட்டில் பெல்ட்டுக்குள் இருந்த அமலி. ஆறு வயது.

"கருகட்டும். நீ சீட்டைக் கெட்டியாப் பிடிச்சுக்கோ கண்ணு."

கியரை மூன்றிலிருந்து இரண்டுக்கு இறக்கினாள். இன்ஜின் ஓலமிட்டது. வேகம் கொஞ்சம் மட்டுப்பட்டது. வளைவில் ஹாரன் சத்தம். எதிரே பஸ் ஒன்று மலையை ஒட்டி ஏறி வந்தது. மலையில் உரசி நிறுத்தலாம் என்றால் அந்தப் பக்கத்தில் பஸ். வண்டி போக விரும்பிய பக்கத்தில் பள்ளம். நடுவில் ஒரு கோடு அகலத்துக்குத்தான் சாலை மிச்சமிருந்தது. அதிலேயே பிடித்து வைத்தாள். பஸ்ஸின் கடைசி ஜன்னல் உரசாத குறையாகத் தாண்டியதும் முழுப் பலத்தையும் போட்டு வலப்பக்கம் திருப்பினாள்.

மலையின் மண்சுவரில் வண்டி பக்கவாட்டில் தேய்ந்தது. கண்ணாடி பிய்ந்து பறந்தது. புதரும் கல்லும் கதவைச் சுரண்டின. வண்டி நின்றது.

அமலி அழுதாள், ஆனால் அடி எதுவுமில்லை. டிக்சன் வாய்க்குள் ஜெபம் சொல்லிக்கொண்டிருந்தான். ஆக்ஸிலியா ஸ்டியரிங்கில் தலை சாய்த்தாள். அழுவதற்குக்கூட அவளிடம் தெம்பில்லை.

டிக்சனின் கால் ஒடிந்ததிலிருந்தே இப்படித்தான். சர்ச் படியில் வழுக்கி விழுந்தேன் என்று கட்டோடு வந்து படுத்தவன் படுத்தவன்தான். அட்டுவம்பட்டி வீட்டில் சமையல், ஸ்கூலில் ஒன்பதாம் வகுப்புக்கு அறிவியல், திரும்பி வந்தால் விடைத்தாள், அவனைக் குளிப்பாட்டுவது, கடைசியில் டிரைவர் வேலையும். கட்டுப் பிரிக்க மதுரைக்குப் போகத்தான் இன்று வெள்ளனே கிளம்பினார்கள்.

வண்டி என்னவோ ஒசத்திதான். செகண்ட் ஹேண்டில் வாங்கும்போது விற்றவர் ஒரு பாட்டம் பாடினார்: சறுக்கினால் கம்ப்யூட்டரே கண்டுபிடிக்கும், சறுக்குகிற சக்கரத்தை மட்டும் தனியாக பிரேக் போட்டு வண்டியை நேராக்கும், குடும்பத்தோடு கண்ணை மூடிக்கொண்டு போகலாம் என்று. அதற்கான மஞ்சள் விளக்கு சில வாரங்களாக எரிந்துகொண்டே இருந்தது. கேட்டால், "மலைப் பனிக்கு அப்படித்தான் எரியும்," என்பான் டிக்சன்.

பின்னாலேயே ஒரு காய்கறி ஜீப் வந்து நின்றது. இறங்கி ஓடி வந்தவன் பள்ளங்கி கிராமத்து மணியன். டிக்சன் மேனேஜராக இருக்கும் லாட்ஜுக்கு கேரட்டும் காலிஃபிளவரும் கொடுக்கிறவன்.

"டீச்சர்! பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகலையே? மொதல்ல கீழ எறங்குங்க வெரசா. பின்னாடி பொகையுது!"

இடது பின்சக்கரம்தான் புகைந்தது. மற்ற மூன்றும் சும்மா இருந்தன. ஆக்ஸிலியா குனிந்து பார்த்தாள். முன்னால் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்தாள்.

"இது எங்க டயர் இல்லையே? சின்னதா இருக்கு."

மணியனுக்குப் பெருமை பிடிபடவில்லை. "நம்ம ஜீப்பு ஸ்டெப்னி டயராச்சே! சார் சரக்கு பாக்க வந்தப்ப கல்லு குத்தி டயரு கிழிஞ்சு போச்சு. அவரு ஸ்டெப்னியில காத்தே இல்ல. நம்மளதுல போல்ட்டு ஓட்டை பொருந்திச்சு, மாட்டி விட்டேன். புது டயரு வர்ற வரைக்கும் ஓட்டுங்கன்னேன்."

ஆக்ஸிலியா அந்தச் சக்கரத்தையே பார்த்தாள். சின்னச் சக்கரம் அதிகமாகச் சுற்றும். மற்ற மூன்றைவிட இது வேகமாகச் சுற்றினால் கம்ப்யூட்டர் என்ன நினைக்கும்? சறுக்குகிறது என்று நினைக்கும். பிடித்து அமுக்கும். இறக்கம் முழுக்க அமுக்கும். சூட்டில் பிரேக் எண்ணெய் கொதித்துக் குமிழியாகும். அப்புறம் மிதித்தால் காற்றைத்தான் மிதிக்க வேண்டும்.

அதை அவள் சொல்லச் சொல்ல மணியனின் முகம் வெளிறியது. "நல்லது செய்யப்போயி கொலை பண்ணப் பாத்துட்டேனே டீச்சர்... அப்ப அன்னிக்கும் இதேதானா?"

"என்னிக்கு?"

"மணியா," என்றான் டிக்சன் சீட்டிலிருந்தே. "நீ கெளம்பு. சரக்கு வாடிப்போகும்."

"கேரட்டு எங்க சார் வாடும்? சாருக்குக் கால் ஒடஞ்ச அன்னிக்குத்தான் டீச்சர். டயரு மாட்டுனதுக்கு அடுத்த வாரம். எங்க ஊர் எறக்கத்துல வண்டி தானா இழுக்குது, தானா இழுக்குதுன்னு கத்திக்கிட்டே வந்து பாறையில மோதுனாரு. நாங்கதான் வெளிய இழுத்தோம்."

ஆக்ஸிலியா டிக்சனைப் பார்த்தாள். வண்டியின் முன்பக்க நசுங்கலைத் தட்டி எடுத்துப் பெயின்ட் அடிக்க வைத்திருந்தான், டூரிஸ்ட் வேன் ஒன்று லாட்ஜ் வாசலில் இடித்துவிட்டதாகச் சொல்லி. அவன் அவளைப் பார்க்காமல் மாவுக்கட்டைத் தடவிக்கொண்டிருந்தான்.

"தானா இழுக்குதுன்னு வாயால சொல்லியிருக்காரு," என்றாள் அவள், களைத்த குரலில். "அத்தனை பேர் இருந்தீங்களே, ஒருத்தருக்குக்கூட வண்டியைப் பாக்கணும்னு தோணலையா மணியன்?"

மணியன் தலைத்துண்டை அவிழ்த்தான். டிக்சனை ஒரு தரம் பார்த்தான். டிக்சன் தடுக்கவில்லை.

"சார் மேல சாராய வாடை அடிச்சிச்சு டீச்சர். அப்புறம் வண்டியை யாரு பாப்பா? சாரே தன் மேலதான் தப்புன்னு நம்பிட்டாரு. இனிமே நான் ஸ்டியரிங்கத் தொடமாட்டேன், பிள்ளை உக்கார்ற வண்டி, டீச்சரே ஓட்டட்டும்னு ஆசுபத்திரி போற வரைக்கும் எங்க ஜீப்புல அழுதுக்கிட்டே வந்தாரு."