ஊத்தைக் குழாயின் உரித்தாளி

கருங்காலியடிக்குளத்தைக் காப்பாற்ற ஒரு குழு அமைக்கவேண்டும் என்று முடிவானதும் ஊரில் எழுந்த முதல் கேள்வி குளத்தைப் பற்றியதல்ல. கூட்டத்துக்குக் கதிரை யார் தருவது என்பதுதான். கதிரை இருந்தது அரிசி மில் வீரகத்தியிடம். பிளாஸ்ரிக் கதிரை எண்பது, தகரக் கொட்டகை, தேத்தண்ணி போடுகிற பெரிய கிடாரம் எல்லாம் அவரிடம் இருந்தன. கதிரை கொடுத்த மனுசனைத் தலைவராக்காமல் வீட்டுக்கு அனுப்புவது எங்கள் பக்கத்தில் மரியாதை இல்லை. ஆகவே குளத்தை ஊத்தையாக்கிக்கொண்டிருந்த ஆளே குளப் பாதுகாப்புக் குழுவுக்குத் தலைவரானார். முன்மொழிந்தவரும் வழிமொழிந்தவரும் அவருடைய தேத்தண்ணியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு மற்றக் கையைத் தூக்கினார்கள்.

கடைசி வரிசையில் இருந்த ஜொஹறா கையைத் தூக்கவில்லை. இந்தக் குளத்துக்காக முதலில் மனு எழுதிக் கொடுத்தவள் அவள்தான். விடியப்புறம் எழும்பி இடியப்பம் அவித்துக் கடைக்குக் கொடுத்துச் சீவிக்கிற மனுசி. மில்லில் நெல் ஊறவைத்த தண்ணீர் இரண்டு மூன்று நாள் தொட்டியில் கிடந்து புளித்து, நாலங்குலக் குழாய் வழியாக றோட்டுக்குக் கீழால் வந்து, அவளுடைய காணியின் மூலையில் வாயைத் திறந்து, குளத்துக்குப் போகிற வாய்க்காலில் விழும். குழாய் வாயிலிருந்து அவள் கிணறு இருபதடி. நாற்றம் கிணற்றுக்குள் ஏறி, கிணற்றிலிருந்து இடியப்பத்துக்கும் ஏறிவிட்டது. ஆசிரியர் விடுதி போன மாதமே வேண்டாம் என்றுவிட்டது. சந்திக் கடை சப்ராஸ் மட்டும், "சனம் மணந்து பாத்திட்டு வச்சிட்டுப் போகுதுகள், ராத்தா" என்று சொல்லிச் சொல்லி, நூறு இடியப்பத்தை நாற்பதாக்கி எடுத்துக்கொண்டிருந்தான். கிணறு போனால் அடுப்பும் போகும். வேறு பிழைப்பு அவளுக்குத் தெரியாது.

மூன்று வருடமாக அவள் மில் வாசலுக்கு நடந்தாள். மூன்று வருடமும் வீரகத்தியிடம் ஒரே பதில்தான்.

"அது என்ர குழாய் இல்லைப் பிள்ளை. நான் மில்லை வாங்கேக்கையே அது நிலத்துக்கதான் கிடந்தது. ஆர் தாட்டதெண்டு ஆருக்குத் தெரியும்?"

கூட்டத்தில் திட்டத்தை விளக்க வந்தவன் சுஜிதன். ஒரு தொண்டு நிறுவனத்தின் உத்தியோகத்தன், நல்ல பிள்ளை, எதையும் படிவத்தில் பார்த்தால்தான் நம்புவான். நீரேந்துப் பகுதி, மழைநீர் வழிந்தோடும் பாதை, மாசு மூலங்கள் என்று அரை மணித்தியாலம் படம் போட்டுக் காட்டினான். சனம் கொட்டாவி விட்டது. கடைசியில், குளத்தை மாசுபடுத்தும் குடும்பங்களை இனங்கண்டு, புள்ளி போட்டு, கூடின புள்ளி எடுத்தவர்களுக்கு மலசலகூடமும் குழாய்த் தண்ணீரும் கொடுக்கப்படும் என்றான். அந்த ஒரு வசனத்தில் கொட்டகை முழுக்க நிமிர்ந்து உட்கார்ந்தது.

சண்டை முடிந்து மீள்குடியேறிய நாளிலிருந்து படிவம் நிரப்பியே காலம் தள்ளிய சனம் இது. வீட்டுத்திட்டம், கோழித்திட்டம், மாட்டுத்திட்டம், தையல் மெஷின் திட்டம் என்று எது வந்தாலும் அதற்குப் புள்ளி உண்டு. குறை கூடினால் புள்ளி கூடும், புள்ளி கூடினால் பெயர் பட்டியலில் ஏறும். பால்குடிப் பிள்ளைக்கும் இது தெரியும். "ஆர் ஆர் குளத்தை மாசுபடுத்துறியள்?" என்று சுஜிதன் கேட்டபோது வேறு ஊராக இருந்தால் எல்லோரும் தலையைக் குனிந்திருப்பார்கள். இங்கே அறுபத்திரண்டு கை மேலே போனது.

ஜொஹறாவின் பக்கத்து வளவு விமலேஸ்வரி எழும்பி, தன்னுடைய நாலு மாடும் விடியவும் பின்னேரமும் குளத்துக்குள்தான் நிற்கிறது என்றாள். அவளிடம் இருந்தவை இரண்டு பேட்டுக் கோழிகள். றம்சீன் தன் உழவு மிசினை ஒவ்வொரு நாளும் குளத்தில் கழுவி ஒயிலை விடுவதாகச் சொன்னான். அவன் கூட்டத்துக்கு வந்ததே சைக்கிளில். ஜனார்த்தனன் வயலுக்கு மருந்தடித்த போத்தில்களைத் தானே குளத்தில் கொட்டுவதாக நெஞ்சை நிமிர்த்திச் சொன்னபோது சுஜிதனுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

"ஐயா, உங்கட வீட்டிலயிருந்து குளம் மூண்டு கட்டை தூரமெல்லே?"

"ஓம் தம்பி. கஷ்டப்பட்டுத்தான் கொண்டுபோய்க் கொட்டுறன்."

கஷ்டத்துக்கும் சேர்த்து இரண்டு புள்ளி விழுந்தது.

ஜொஹறாவின் முறை வந்தது. "நான் ஒண்டும் கொட்டுறேல்லை, தம்பி. அந்த மில் தண்ணியை நிப்பாட்டுங்கோ. அதுக்குத்தான் நான் மனுக் குடுத்தனான்."

சுஜிதன் படிவத்தை முன்னும் பின்னும் புரட்டினான். "இதில குடும்பம் மட்டும்தான் இருக்கு அக்கா. மில்லுக்குப் பெட்டி இல்லை. உங்களுக்குப் பூச்சியம் போடட்டோ?"

போட்டான். பட்டியலில் பெயரில்லாமல் போவது ஜொஹறாவுக்குப் புதிதல்ல. தொண்ணூறில் மற்ற முஸ்லிம் சனத்தோடு இங்கிருந்து துரத்தப்பட்டுப் புத்தளத்தில் கிடந்தபோது, அங்கே நிவாரணம் கொடுத்தவர்கள் நீ முல்லைத்தீவு ஆள் என்றார்கள். திரும்பி வந்து இங்கே கேட்டபோது நீ புத்தளத்தில் பதிந்த ஆள் என்றார்கள். இருந்தாலும், ஊரே பெயர் கொடுத்த ஊத்தைப் பட்டியலில்கூடத் தனக்கு இடமில்லையே என்று அவள் நினைத்துக்கொண்டாள்.

அடுத்த கிழமை சுஜிதன் வீடு வீடாக வந்து சரிபார்ப்பான் என்று அறிவித்தல் வந்தது. சொன்னதைக் காட்ட வேண்டுமே. விமலேஸ்வரி பக்கத்து ஊரிலிருந்து நாலு மாடு இரவல் வாங்கினாள். அவளுடைய வீட்டைப் பார்த்து முடித்து சுஜிதன் மோட்டார்சைக்கிளை உதைப்பதற்குள், அதே நாலு மாடும் வேலி பாய்ந்து அடுத்த வீட்டுக் குளக்கரையில் நின்றன. அன்றைக்கு மட்டும் அந்த மாடுகள் பதினோரு குடும்பத்துக்குச் சொந்தமாக இருந்தன. றம்சீன் மல்லாவியிலிருந்து ஒரு உழவு மிசினைக் கொண்டுவந்து, வருகிறவன் நம்பவேண்டுமே என்று விடியற்காலையிலிருந்தே கழுவத் தொடங்கிவிட்டான். ஜனார்த்தனன் இரண்டு உரப்பை நிறையப் போத்தில் கட்டி சைக்கிளில் மூன்று கட்டை மிதித்தார். கிழமை முடிவில் குளத்தில் ஒயில் படை மினுங்கியது, கரையெல்லாம் சாணி. அதுவரை மில் தண்ணீர் ஒன்றுதான் விழுந்துகொண்டிருந்த குளம் அது.

"நிலைமை நாங்கள் நினைச்சதை விட மோசம்" என்று சுஜிதன் குறிப்பெழுதிக்கொண்டான்.

விமலேஸ்வரி வேலிக்கு மேலால் எட்டிப் பார்த்து, "ஒரு பொய் சொல்லிப் போட்டாலென்ன அக்கா? நாலு உடுப்புத் தோய்க்கிறன் எண்டாவது சொல்லுங்கோவன். உங்கட கிணறுதானே நாறுது, உங்களுக்கெல்லே முதல்ல பைப் வரவேணும்" என்றாள்.

"பொய் சொல்ல மாட்டன்" என்று ஜொஹறா வெடுக்கென்று சொன்னாள். சொல்லிவிட்டு, குழாய் வாயிலிருந்து புளித்த தண்ணீர் கொளகொளவென்று விழுவதைப் பார்த்தபடி வெகுநேரம் நின்றாள். பிறகு அவளுக்கு ஒரு சிரிப்பு வந்தது.

இரண்டாம் கூட்டத்துக்குப் பி.எச்.ஐ.யும் வந்திருந்தார். சுகாதாரப் பரிசோதகர் என்றபடியால் வீரகத்தி அவருக்குத் துணி விரித்த கதிரை போட்டுத் தன் பக்கத்திலேயே இருத்தியிருந்தார். சுஜிதன் பட்டியலை வாசித்து, யாருக்காவது ஆட்சேபனை உண்டா என்று கேட்டான். ஜொஹறா முக்காட்டைச் சரிசெய்துகொண்டு எழும்பினாள்.

"என்ர பேர் விடுபட்டுப் போச்சுது, தம்பி. என்ர காணிக்க ஒரு நாலங்குலக் குழாய் கிடக்குது. அதால ஒவ்வொரு நாளும் நாத்தத் தண்ணி வாய்க்காலுக்குப் போய்க் குளத்தில விழுகுது. பதியுங்கோ."

தேத்தண்ணிக் கோப்பையை எடுத்த வீரகத்தி அதைக் குடிக்காமல் திரும்ப வைத்தார்.

"அந்தக் குழாய் உங்கடையோ அக்கா?" என்று சுஜிதன் கேட்டான்.

"வேற ஆரின்ரை? மூண்டு வருசமா விசாரிச்சுப் பாத்தனான். ஒருத்தரும் தங்கட எண்டு சொல்லேல்லை. என்ர காணிக்க கிடக்கிறது என்ரதானே. இல்லையெண்டு சொல்ல ஆரும் இருந்தால் இப்ப சொல்லட்டும்."

எல்லோரும் வீரகத்தியைப் பார்த்தார்கள். வீரகத்தி பி.எச்.ஐ.யைப் பார்த்தார். பி.எச்.ஐ. தன் பேனையின் மூடியைக் கழற்றி, "என்ன தண்ணி அது?" என்று மெதுவாகக் கேட்டார்.

"எனக்குத் தெரியாது ஐயா. குழாய் என்ரை. தண்ணி ஆரின்ரையெண்டு தலைவரைக் கேளுங்கோ, அவருக்கு ஊரில எல்லாம் தெரியும்."

வீரகத்தியின் மேலுதடு வேர்த்துவிட்டது. தன்னுடையது என்றால் பக்கத்தில் வழக்கெழுதப் பேனை திறந்தபடி இருக்கிறது. இல்லையென்றால் குழாய் போய்விடும். அவர் மூன்று வருடப் பழக்கத்தில் வாயைத் திறந்தார். "எனக்கென்ன தெரியும்? அந்தக் குழாய்க்கும் எனக்கும் ஒரு சம்பந்தமுமில்லை."

"அப்ப அக்காவின்ர பேரில எழுதுறன்" என்றான் சுஜிதன். நாளாந்த வெளியேற்றம் என்ற பெட்டிக்கு நாற்பது புள்ளி. ஜொஹறா எல்லோரையும் தாண்டி முதலாம் இடத்துக்கு வந்தாள். விமலேஸ்வரி கைதட்டினாள். தலைவர் ஒப்பமிட்டால்தான் பட்டியல் செல்லுபடியாகும் என்பதால், ஜொஹறாவின் பெயருக்கு நேரே வீரகத்தி தன் கையால் ஒப்பமிட்டார்.

மறுநாள் விடிய அவள் இடியப்பம் அவிக்கவில்லை. அரைப் பை சீமெந்து, கொஞ்சம் கல்லு, பழைய சாக்கு இவ்வளவையும் கொண்டுபோய், விமலேஸ்வரி கலவை குழைத்துக் கொடுக்கக் கொடுக்க, குழாய் வாயை இறுக்கி அடைத்தாள். பின்னேரம் மில் வளவில் தண்ணீர் பொங்கியது. நெல் காயப்போடுகிற தளம் முழுக்க நாற்றம் பரவியது. அந்த எண்பது கதிரையும் அடுக்கோடு அந்தத் தண்ணீருக்குள் நின்றன.

வீரகத்தி வேட்டியை முழங்காலுக்கு மேலே மடித்துக் கட்டிக்கொண்டு ஓடி வந்தார். "உனக்கு விசரோ பிள்ளை? திற உந்தக் குழாயை. நான் பொலிசுக்குப் போவன்."

"போங்கோ அண்ணை. ஜொஹறா தன்ர குழாயைத் தானே அடைச்சுப்போட்டாள் எண்டு சொல்லுங்கோ. நீங்கள் ஒப்பம் வச்ச கடுதாசியும் சுஜிதனிட்டக் கிடக்குது, அதையும் கொண்டு போங்கோ."

மனுசன் குழாயைப் பார்த்தார், சீமெந்தைப் பார்த்தார், தன் காலைப் பார்த்தார். அடுத்த நாளே மில்லின் பின்பக்கம் ஆட்கள் இறங்கி, பி.எச்.ஐ. சொன்ன அளவில் கழிவுத் தண்ணீருக்கு மூன்று தொட்டி கட்ட நிலம் வெட்டத் தொடங்கினார்கள்.

இரண்டு நாள் கழித்துச் சுஜிதன் சரிபார்க்க வந்தான். அடைத்த குழாயைக் கண்டதும் அவன் முகம் வாடிவிட்டது.

"என்னக்கா செய்து வச்சிருக்கிறியள்? வெளியேற்றம் இல்லையெண்டால் புள்ளி இல்லை. நீங்கள்தான் முதலாம் இடம். ஒரு ரெண்டு நாளைக்குத் திறந்து விடுங்கோ, நான் படமெடுத்து அனுப்பினாப் பிறகு மூடலாம்."

"பைப் எப்ப வரும், தம்பி?"

"இரண்டாம் கட்டத்தில."

"அது எப்ப?"

"முதலாம் கட்டம் முடிஞ்ச பிறகு."

ஜொஹறா அவன் கையிலிருந்த பட்டியலை வாங்கிப் பார்த்தாள். வாழ்க்கையில் முதல்தரமாக ஒரு பட்டியலில் அவள் பெயர், அதுவும் தலைப்பில், அச்செழுத்தில். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆசையாகத்தான் இருந்தது. பொய் சொல்ல என்ன இருக்கிறது, விரலால் ஒருமுறை தடவியும் பார்த்தாள். பிறகு திருப்பிக் கொடுத்தாள்.

"வெட்டிவிடுங்கோ."

"வடிவா யோசிச்சுத்தானோ?"

"யோசிக்கிறதுக்கு ஒண்டுமில்லை. நான் கேட்டது கிணறு."

பெயரை வெட்டுவதற்கும் ஒரு காரணம் எழுத வேண்டும் என்று சுஜிதன் தலையைச் சொறிந்தான். அடைத்த குழாய்க்குப் பக்கத்தில் அவளை நிறுத்தி ஒரு படம் எடுத்துக்கொண்டு போனான்.

கார்த்திகை மழை வந்து குளம் நிரம்பி வழிந்து வான்பாய்ந்தது. ஒயிலும் சாணியும் போத்திலும் போன இடம் தெரியவில்லை. மாரி முடிகிற நேரம் விமலேஸ்வரி மூச்சிரைக்க ஓடி வந்தாள். கையில் வழவழப்பான தாளில் அச்சடித்த புத்தகம், கருங்காலியடிக்குள நீரேந்துப் பகுதிப் பாதுகாப்புத் திட்ட அறிக்கை. ஜொஹறா கிணற்றடியில் வாளியோடு நின்றாள்.

"கேளுங்கோ அக்கா, என்னத்தை எழுதியிருக்கிறாங்கள் எண்டு கேளுங்கோ. 'குளத்தை மிக மோசமாக மாசுபடுத்தி வந்த குடும்பத் தலைவி திருமதி ஜொஹறா, எமது விழிப்புணர்வுக் கூட்டங்களின் பயனாகத் தனது தவறை உணர்ந்து, கழிவுக் குழாயைத் தானே மூடிவிட்டார்.' கீழ உங்கட படம். மில்லைப் பற்றி ஒரு சொல் இல்லை. அந்தாளின்ர பேர் முன்னுரையில நன்றி சொல்லிக் கிடக்குது. அவன்ர ஊத்தையை உங்கட தலையில கொட்டிப்போட்டாங்கள் அக்கா. கொழும்பு வரைக்கும் போற புத்தகம் இது."

ஜொஹறா படத்தைப் பார்த்தாள். முக்காடு ஒரு பக்கம் சரிந்திருந்தது. அவளுக்கு ஆத்திரம் வந்தது, நன்றாகவே வந்தது. புத்தகத்தைத் துலாக் கல்லில் வைத்துவிட்டு, வாளியை இறக்கி ஒரு வாளி அள்ளி, கோப்பையில் ஊற்றி விமலேஸ்வரியிடம் நீட்டினாள்.

"குடி."

விமலேஸ்வரி அந்த வளவில் தண்ணீர் குடித்து மூன்று வருடம். முதலில் முகர்ந்து பார்த்தாள். பிறகு ஒரு வாய் குடித்தாள், பிறகு மிச்சத்தையும் குடித்தாள்.

"மணக்குதோ?" என்று ஜொஹறா கேட்டாள்.

"இல்லை."

"அப்ப ஊத்தை என்ர பேரிலயே கிடக்கட்டும்" என்று சொல்லி, ஜொஹறா மாக் குழைக்க அடுத்த வாளியை இறக்கினாள்.